டெஸ்டில் பாஸானவன்

செண்பகம் கோபக்காரி. ஆம்பூர் பைபாஸை ஒட்டியிருக்கும் அந்த ஷூ கம்பெனியில் கேட்டில் நிற்கிற வாட்ச்மேனில் இருந்து மாடியில் ஏசி அறையில் உட்காருகிற மேனேஜர் வரைக்கும் இது தெரியும். தையல் பிரிவில் அவள் சூப்பர்வைசர். பெண்கள் நேரில் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மொளகா என்பார்கள். இரண்டுமே அவள் காதுக்கு வந்து சேரும். அதற்கெல்லாம் அவள் வருத்தப்பட்டதில்லை.

நாட்றம்பள்ளிப் பக்கம் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து, தாவணி போட்ட வயதில் கம்பெனி பஸ் ஏறியவள். முதலில் பசை தடவினாள். அந்த நாற்றத்தில் மத்தியானச் சோறு தொண்டையில் இறங்காது. பிறகு தோல் ஓரத்தை மடித்துத் தட்டினாள், பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் ஒரு மேனேஜர், டார்கெட் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று பெண்கள் கக்கூஸுக்குப் பூட்டுப் போட்டான். செண்பகம் பக்கத்துப் பிரிவில் இருந்து ஒரு சுத்தியலை எடுத்து வந்து பூட்டை உடைத்தாள். உள்ளே போய்விட்டு வந்து, கையைக் கழுவி, விட்ட இடத்தில் இருந்து தைத்தாள். மேனேஜர் கத்த வாயெடுத்தபோது லைன் மொத்தமும் எழுந்து நின்றது. அதற்கப்புறம் அந்தக் கதவில் பூட்டு ஏறவில்லை.

அப்பேர்ப்பட்டவளை ஏமாற்றிவிட்டார்கள். யார் ஏமாற்றியது என்று கேட்டால் ஊர் ஒரு ஏஜெண்ட்டின் பெயரைச் சொல்லும். ஏஜெண்ட் வெறும் கைதான். அந்தக் கை ஒட்டியிருக்கிற உடம்பு எவ்வளவு பெரிசு என்று ஊருக்குத் தெரியாது.

அவள் புருஷன் ரத்தினசாமி தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறவன். சாது. காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்து உலகத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசாவிட்டால் அவனுக்கு டீ உள்ளே போகாது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததில் இருந்து அந்தக் கடை இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ரத்தினசாமி ரஷ்யக் கட்சி.

"ரஷ்யா நம்ம தோஸ்த்துமே," என்று வீட்டுக்கு வந்தும் விடமாட்டான். "அமெரிக்காக்காரன் கூட்டாளிங்கள சேத்துக்கினு அவன் வாசல் வரிக்கும் வந்துட்டான். அவன் சும்மா இருப்பானா?"

"வாசல் யாருது?"

"உக்ரைன்காரனுது."

"அப்ப அவன் வாசல்ல இவனுங்க ரெண்டு பேருக்கும் இன்னா வேலை?"

ரத்தினசாமியிடம் அதற்குப் பதில் இல்லை. டீக்கடையிலும் இல்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு நீள மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை குலுக்குகிறவர்களிடமும் இல்லை. யார் பெரியவன் என்பதுதான் சண்டை. நீ அவனைச் சேர்த்துக்கொண்டால் நான் இவனைப் பிடிப்பேன், நீ அங்கே ஏவுகணை நிறுத்தினால் நான் இங்கே நிறுத்துவேன் என்று வருஷக்கணக்காக மீசையை முறுக்கிக்கொண்டே இருந்தார்கள். பின்வாங்கினால் மானம் போய்விடும் என்ற இடத்துக்கு இருவருமே வந்து சேர்ந்தபோது, நடுவில் இருந்தவன் வீடு பற்றிக்கொண்டது. பற்றியதை அணைக்க ஆளில்லை, ஊதுவதற்கு மட்டும் உலகம் பூராவும் இருந்து ஆள் வந்தது. ஜார் காலத்திலும் இதுதான் நடந்தது, வெள்ளைக்காரன் காலத்திலும் இதுதான் நடந்தது. இப்போது சாம்ராஜ்யம் என்ற பெயர் மட்டும் இல்லை.

அந்தச் சண்டை ஆம்பூர் வரைக்கும் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. முதலில் வரியாக வந்தது. நீ ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறாய், அந்தப் பணத்தில்தான் அவன் சண்டை போடுகிறான் என்று சொல்லி அமெரிக்கா இந்தியச் சரக்கின் மேல் வரியை ஏற்றியது. ஆம்பூரில் ஷூ தைக்கிற பெண்பிள்ளை யாரிடம் எண்ணெய் வாங்கினாள்? ரேஷன் கடையில் பாமாயில் வாங்கினாள். ஆனால் அவள் மெஷின்தான் நின்றது. தைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிய ஷூக்கள் குடோனிலேயே கிடந்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் காண்ட்ராக்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவன் கௌதம். செண்பகத்துக்கு ஒரே பிள்ளை. பி.காம் படித்துவிட்டு, கிடைக்காத வேலைக்கெல்லாம் மனுப் போட்டுவிட்டு, கடைசியில் அம்மா வழியிலேயே வேறொரு கம்பெனியில் பூட்ஸ் தைக்கப் போனவன். வாய் ஜாஸ்தி, கோபம் கம்மி. அவன் சிரித்தால் செண்பகத்துக்கும் சிரிப்பு வந்துவிடும், அதனாலேயே அவனைத் திட்டும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் திட்டுவாள். வேலை போன பிறகு அவன் சிரிப்பது குறைந்தது. லீவு நாளில் அவன் மத்தியானத்தில் படுத்துத் தூங்கினால், எழுப்பாமல் அவள் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த நேரத்தில்தான் ஜெயசீலன் வந்தான். வேலூர்ப் பக்கத்து ஆள், ஏஜெண்ட். வெள்ளைச் சட்டை, தணிந்த பேச்சு, எல்லோருக்கும் ஒரு 'சார்', ஒரு 'மா'. ரஷ்யாவில் பட்டாளத்து பூட்ஸ் தைக்கிற பட்டறை இருக்கிறது, உள்ளூர் ஆம்பளைகள் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் தைக்க ஆள் இல்லை, ஆம்பூர்க் கைதான் வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றான்.

ஆம்பூர்க்காரர்கள் ஏஜெண்ட் பார்க்காதவர்கள் இல்லை. வளைகுடாவுக்கு என்று கூட்டிப்போய் பம்பாயில் விட்டுவிட்டு வந்தவனை எல்லாம் பார்த்திருக்கிறார்கள். செண்பகமும் முதலில் நம்பவில்லை. ஆனால் ஜெயசீலன் ஒரு காரியம் செய்தான். டிரேட் டெஸ்ட் வைத்தான்.

தோல் பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும். இந்தப் பக்கத்தில் எந்த நல்ல கம்பெனியும் வாய்ப்பேச்சில் ஆள் எடுக்காது. மெஷினில் உட்கார வைத்து, தோலைக் கையில் கொடுத்து, தைக்கச் சொல்லிப் பார்த்துத்தான் எடுக்கும். ஜெயசீலன் ரயில்வே கேட் பக்கம் ஒரு பழைய குடோனை வாடகைக்குப் பிடித்து, மெஷின் இறக்கி, வயசான டெஸ்ட் மாஸ்டர் ஒருவரையும் கொண்டுவந்து வைத்தான். பூட்ஸின் மேல்தோலையும் அடியையும் பிடித்து நிறுத்துகிற பட்டைக்கு வெல்ட் என்று பெயர். அதைக் கையால் சுற்றித் தைக்கத் தெரிய வேண்டும். அந்த மாஸ்டர் கண்ணாடியை இறக்கி ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பல பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அதுதான் ஊரைக் கவிழ்த்தது. ஏமாற்ற வந்தவன் வந்த ஆளை எல்லாம் அள்ளிக்கொண்டு போவானே தவிர, தையல் கோணல் என்று எதற்குத் திருப்பி அனுப்புகிறான்?

செண்பகத்தின் லைனில் தைக்கிற மெர்சியின் தம்பி ஃபெயிலானான். மெர்சி இரண்டு நாள் அழுதாள். கௌதம் பாஸானான். டெஸ்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செண்பகமே கழிவுத் தோலை வெட்டிக் கொடுத்து அவனைப் பழக வைத்திருந்தாள். ரத்தினசாமி டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். "தோஸ்த் நாட்டுக்குப் போறான் எம் புள்ள," என்றான்.

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவன் மார்பை அளப்பான், ஓடச் சொல்வான். இவன் தைக்கச் சொன்னான். தைக்கத்தான் கூப்பிடுகிறான் என்று தோல்காரர்கள் நம்பினார்கள். வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஏமாந்திருக்க மாட்டான். இவர்களை இவர்களுடைய கைத்திறமையைக் காட்டியே பிடித்தார்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கௌதம் போய் இறங்கியதும் போன் பண்ணினான். குளிர் என்றான், சாப்பாட்டில் உப்பு இல்லை என்றான். அங்கே ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள், எழுத்து ஒன்றும் புரியவில்லை என்றான். பிறகு சில வாரம் பேச்சில்லை. ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி முடிந்து லாக்கரில் இருந்து போனை எடுத்து, பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால், அவன் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. செண்பகம் காதில் வைத்துக் கேட்டாள்.

"மா, இங்க பூட்ஸ் தைக்கிற வேலை இல்லமா. பூட்ஸ மாட்டிக்கினு நடக்கிற வேலை. துப்பாக்கி குடுத்துட்டாங்க. எங்க கூட வந்தவங்கள மூணு இடமா பிரிச்சிட்டாங்க. பூட்ஸ் கூட யாரோ தெச்சது, தையல் சரியில்ல, ஒரு மழைக்கு வாயப் பொளந்துடும். நைனாகிட்ட சொல்லாத. நான் எப்பிடினா வந்துட்றேன்."

அந்தப் பதிவின் கடைசியில் அவன் சிரிக்கப் பார்த்தான். அம்மாவைச் சிரிக்க வைக்க எப்போதும் செய்கிற மாதிரி. செண்பகம் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதோடு சரி. போன் அடித்தால் அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெண் குரல் புரியாத பாஷையில் பேசி வைத்தது.

செண்பகம் ஏறாத படி இல்லை. திருப்பத்தூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளில் நின்றாள். வேலூருக்குப் போனாள். சென்னைக்குப் போனாள். டெல்லிக்கு மெயில் அனுப்ப யாரோ ஒரு படித்த பிள்ளையைப் பிடித்தாள். எல்லா மேஜையிலும் ஒரே பேச்சு.

"உங்க பையன் விருப்பப்பட்டுத்தானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கார்?"

"பூட்ஸ் தைக்கிறதுக்குப் போட்டான் சார்."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒரு ஆபீஸில் ஒருவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், பேனாவைத் திறந்துகொண்டே, "இப்ப உயிரோட இருக்காரா?" என்று கேட்டார். செண்பகம் எழுந்தே விட்டாள். "அந்த வார்த்தைய வாயில வச்சீங்கன்னா நாக்கு அழுகிடும். எம் புள்ள எங்க இருக்கான்னு கேட்டா, இருக்கானான்னு கேக்கறியா?" என்று அவர் மேஜையைத் தட்டினாள். வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து அவளிடம் அப்படி யாரும் கேட்பதில்லை. தெருவில் விசாரிக்கிறவர்கள்கூட "தம்பி போன் பண்ணுச்சாக்கா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ரத்தினசாமி டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டான். வீட்டில் அவனும் அதைப் பேசுவதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்தால் அது நடக்காது என்பது மாதிரி இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

ஜெயசீலன் மேல் போலீசில் புகார் கொடுத்தாள். நான் டெல்லி ஆளுக்கு அனுப்பினேன், டெல்லி ஆள் மாஸ்கோ ஆளுக்கு அனுப்பினான், அதற்கு மேல் எனக்குத் தெரியாது சார் என்று அவன் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இதற்கு நடுவில் கம்பெனியில் கல்யாணக் களை கட்டியது. ஐரோப்பாவில் எல்லா நாடும் பயந்துபோய்ப் பட்டாளத்தைப் பெருக்குகிறதாம். பட்டாளம் பெருகினால் பூட்ஸ் வேண்டாமா? பெரிய ஆர்டர் வந்தது. நின்ற மெஷின்கள் ஓடின, வீட்டுக்குப் போன பெண்களில் பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். முதல் கண்டெய்னர் கிளம்பும் நாளில் வழக்கம்போல முதலாளி கலீமுல்லா சாயபு துவா ஓத வைத்தார், பிறகு பெண்கள் சூடம் ஏற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள். ஆற்காட்டில் இருந்து மக்கன் பேடா வரவழைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள்.

மெர்சி ஒரு பேடாவைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒரு வாய்."

"இந்த பூட்ஸ் யாருக்குப் போவுது தெரியுமா உனக்கு?"

மெர்சி காகிதத்தை மடித்தாள்.

"எம் புள்ளைய எதிர்ல நின்னு சுடுறவனுக்கு. ஒரு பக்கத்துக்குப் புள்ளைய அனுப்பினேன். இன்னொரு பக்கத்துக்கு பூட்ஸ் அனுப்பறேன். ரெண்டுத்துக்கும் பேடா திம்பியாடி நீ?"

சொல்லிவிட்டாளே தவிர, மறுநாள் அவளும் அதே லைனில்தான் நின்றாள். டார்கெட் போடச் சொல்லிக் கத்தினாள். வேறு என்ன செய்வாள்? அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. சண்டையைத் தொடங்கியவர்கள் டிவியில் வருகிறார்கள், டிவியை எச்சில் உமிழ்ந்து அசிங்கப்படுத்தினால் துடைக்கப்போவதும் அவள்தான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில், கம்பெனி பஸ் ரயில்வே கேட் தாண்டித் திரும்புகிற இடத்தில், மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் கட்டியிருந்த ஒரு ஃபிளெக்ஸில் கௌதமின் முகத்தைப் பார்த்தாள்.

நம் ஊரில் திடீரென்று ஒரு சாதாரணப் பிள்ளையின் முகம் ஃபிளெக்ஸில் வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மேலே கண்ணீர் அஞ்சலி என்று இருக்கும், கீழே தெருக்காரர்கள் பெயர் இருக்கும். செண்பகம் போட்ட சத்தம் கேட்டு டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றான். அவள் இறங்கி ஓடினாள். தனக்குத் தெரியாமல் தன் பிள்ளைக்குத் தெரு அஞ்சலி வைத்துவிட்டது என்றே நினைத்தாள்.

கிட்டே போய்த்தான் படித்தாள். 'ஐரோப்பாவில் பட்டாளத்து பூட்ஸ் தயாரிப்பு. அனுபவமுள்ள தையல்காரர்கள் தேவை. டிரேட் டெஸ்ட் இன்று.' அதற்குக் கீழே வட்டம் வட்டமாக நாலைந்து முகங்கள். 'எங்கள் மூலம் வெளிநாட்டில் பணிபுரியும் நமது இளைஞர்கள்.' இரண்டாவது வட்டத்தில் கௌதம், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவில், சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை எந்த நாடு, எந்தப் பக்கம் என்றுகூட அதில் போடவில்லை.

பஸ்ஸில் இருந்த மெர்சி பயந்துபோய் ரத்தினசாமிக்குப் போன் போட்டாள். "மாமா, அக்கா பாதியில எறங்கிடுச்சி. ஏஜெண்ட் குடோனு பக்கம் போவுது. சீக்கிரம் வாங்க."

குடோன் வாசலில் பைக்குகள் நெருக்கியடித்து நின்றன. உள்ளே சுவரோரமாக வரிசை. எல்லாம் வேலை போன பிள்ளைகள், சிலர் பிள்ளை பெற்றவர்கள். மெஷினில் ஒருவன் தைத்துக்கொண்டிருந்தான், அதே மாஸ்டர் கண்ணாடியை இறக்கி அதே மாதிரி தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் மாதிரிக்கு ஒரு பட்டாளத்து பூட்ஸ் இருந்தது. ஜெயசீலன் நாற்காலியில் இருந்து பாதி எழுந்து, "வாங்கம்மா," என்றான்.

செண்பகம் அந்த பூட்ஸை எடுத்து அவன் கன்னத்தில் அடித்தாள். செருப்பால் அடிப்பேன் என்று ஆளுக்கு ஆள் சொல்கிற ஊரில், அவள் அடித்தே விட்டாள். இரண்டாவது அடியில் அவன் உதடு கிழிந்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. மூன்றாவதற்குக் கையை ஓங்கியபோது வரிசையில் இருந்தவர்கள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எம் புள்ள முகத்த வச்சா ஆள் புடிக்கற? அவன் எங்கடா? சொல்றா, எங்க எம் புள்ள?"

ஜெயசீலன் கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்தான். கோபப்படவில்லை. "அம்மாவுக்கு மனசு சரியில்ல. யாராச்சும் தண்ணி குடுங்கப்பா," என்றான். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "நீங்க பாருங்க," என்றான். மெஷின் மறுபடி ஓடியது.

தண்ணீர் கொண்டுவந்தவன் பெயர் பூவரசன். அவளுடைய நாட்றம்பள்ளிப் பக்கம்தான், முப்பது வயசிருக்கும், ஹெல்மெட்டைக் கை முட்டியில் மாட்டியிருந்தான். "குடிங்கக்கா," என்றான்.

"நீ இங்க இன்னாடா பண்ற? போடா வீட்டுக்கு. எல்லாரும் போங்கடா. பூட்ஸ் தைக்கக் கூட்டிக்கினு போயி துப்பாக்கி குடுப்பாங்கடா. எம் புள்ள சொன்னான், எங்கிட்ட பேசியே சொன்னான்."

வரிசை அசையவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள்.

"கேள்விப்பட்டோம்க்கா," என்றான் பூவரசன். "ஆனா அது ரஷ்யா. இது ஐரோப்பா. இவங்க நல்ல பக்கம்னு சொல்றாங்க."

"எந்தப் பக்கம்டா நல்ல பக்கம்? அவனவன் ஊட்டுப் புள்ள தீந்து போய்த்தானே நம்ம தெருவுக்கு ஆள் தேடிக்கினு வர்றான்?"

"எனக்கு ரெண்டு புள்ளைங்கக்கா. ஆடி மாசத்துல இருந்து வேலை இல்ல. ஏலகிரி மலை மேல ஓட்டல்ல தட்டு கழுவிக்கினு இருக்கேன்." அவன் குரலை இறக்கி, மரியாதையாகத்தான் கேட்டான். "தம்பி இப்ப இருக்காராக்கா?"

எத்தனையோ மாதமாக யாரும் கேட்காத கேள்வி. அவள் கை தன்னால் எழுந்தது, அவனை அடிக்க. அடிக்க முடியவில்லை, அவன் முகம் அவ்வளவு களைத்திருந்தது. "தெரியல," என்றாள்.

பூவரசனுக்கு அவள் மேல் பரிதாபம் வந்தது. அவள் தோளைத் தொட்டான். "தெரியலன்னா நல்லாத்தான் இருப்பார்க்கா. கெட்ட சேதின்னா இதுக்குள்ள வந்திருக்கும்ல? சிக்னல் கெடைக்காது, அதான். நீங்க கவலப்படாதீங்க."

அவள் தினமும் படுக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அதைத்தான், வார்த்தை பிசகாமல். அவன் அதைச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றான். அவனுக்கு முன்னால் இருந்தவன் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தான். அவள் பிள்ளை எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறான் என்ற தைரியத்தில் அத்தனை பேரும் நின்றார்கள்.

செண்பகம் அந்த வரிசையை ஒரு முறை பார்த்தாள்.

"செத்துட்டான்," என்றாள்.

மெஷின் நின்றது.

"எம் புள்ள செத்துட்டான்."

"ஏம்மா!" ஜெயசீலன் முதல் முறையாகக் கத்தினான், நாற்காலி பின்னால் விழுந்தது. "உயிரோட இருக்கிற புள்ளையப் போயி... பெத்தவ பேசற பேச்சா இது? நம்பாதீங்கப்பா. அப்பிடி எந்தத் தகவலும் வரல. கௌதம் உயிரோடதான் இருக்கான், நான் சொல்றேன்!"

உயிரோடதான் இருக்கான். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் திருப்பத்தூருக்கும் சென்னைக்கும் அலைந்தாள். கலெக்டர் சொல்லவில்லை, டெல்லி சொல்லவில்லை. கடைசியில் சொல்ல வந்தவன் இவன். அதைப் பிடித்துக்கொள்ள அவள் நெஞ்சு எப்படித் துடித்தது என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"செத்துட்டான்டா!" என்று அவன் குரலுக்கு மேலே குரல் எடுத்தாள். "பொணம் கூட வரல. புதைக்கக் கூட ஆளில்ல. சேத்துல கெடக்கறான் எம் புள்ள. போங்கடா ஊட்டுக்கு!"

பூவரசன்தான் முதலில் வரிசையை விட்டு விலகினான். அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான். அவன் பின்னால் இன்னொருவன், பிறகு இரண்டு மூன்று பேராக. ஜெயசீலன் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான், அவன் உதறிவிட்டுப் போனான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்.

வாசலில் ரத்தினசாமி நின்றுகொண்டிருந்தான். தோல் ஷாப்பில் போட்டிருந்த ரப்பர் பூட்ஸோடு அப்படியே வந்திருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. அவன் வாய் கோணிக்கொண்டு போயிருந்தது.

"எப்பமே சேதி வந்துச்சு?" என்றான். "எங்கிட்ட ஏன்மே சொல்லல?"

வாசல்படியிலேயே உட்கார்ந்தான். அவள் ஓடிப்போய் அவனைப் பிடித்தாள். அவன் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சாது என்று பெயரெடுத்த மனுஷன், கேட்கிறவர்கள் நெஞ்சு பிளக்கிற மாதிரி அழுதான். ஐயோ எம் புள்ள, ஐயோ எம் புள்ள என்று வேறு வார்த்தையே இல்லாமல் அழுதான். கிளம்பப் போனவர்களில் சிலர் அந்த அழுகையைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தவர்கள் வேகமாக வண்டியை உதைத்தார்கள்.

பொய்யிங்க, சேதி எதுவும் வரலீங்க என்று அவன் காதில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவள் நாக்கு நுனியில் நின்றது. அவள் அவன் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதற்கு மேலாகப் பைக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசி வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.